குங்குமம் வைத்த கம்ப்யூட்டர்

2001 அக்டோபர் 25, வியாழக்கிழமை. சரஸ்வதி பூஜை. காலை ஆறு மணிக்கு அப்பா செய்தித்தாளை விரித்துக்கொண்டு உட்கார்ந்தார். மற்ற நாட்களில் முதல் பக்கத்தையும் விளையாட்டுப் பக்கத்தையும் பார்த்துவிட்டு மடித்து வைக்கிறவர், இந்த ஒரு நாளில் மட்டும் டெண்டர் அறிவிப்பு, காணவில்லை விளம்பரம் வரை ஒரு வரி விடாமல் படிப்பார். பூஜை முடிந்துவிட்டால், மறுநாள் விஜயதசமி காலையில் புனர்பூஜை ஆகும்வரை எங்கள் வீட்டில் யாரும் எதையும் படிக்கவோ எழுதவோ கூடாது. பூஜையில் வைத்ததைத் தொடவும் கூடாது. ஏழாம் வகுப்பில் இருந்த எனக்கு அதைவிட உயர்ந்த பண்டிகை உலகத்தில் இல்லை.

மற்றதெல்லாம் வழக்கப்படியே நடந்தது. அம்மா பால் பாக்கெட்டை எடுத்து வந்து டிகாக்‌ஷன் இறக்கினாள். சித்தப்பா முதல் காபியைக் குடித்துவிட்டு, பொரியும் சாமந்தியும் வாழைக்கன்றும் வாங்க மாட வீதிக்குப் போனார். நான் என் பாடப்புத்தகங்களில் ஒன்றுகூட வெளியே தங்கிவிடாதபடி தேடித் தேடிக் கூடத்தில் குவித்தேன். அத்தை தலைக்குக் குளித்து, ஈரத்துண்டோடு சமையலறை வாசலில் உட்கார்ந்து சுண்டலுக்குத் தேங்காய் கீறிக்கொண்டிருந்தாள்.

அத்தை அப்பாவின் கடைசித் தங்கை. தி. நகரில் ஒரு கம்ப்யூட்டர் பயிற்சி நிலையத்தில் பாடம் சொல்லிக்கொடுத்தாள். அவளுக்குக் கல்யாணம் ஆனால்தான் அடுத்தது சித்தப்பாவுக்கு என்பதால், அவள் ஜாதகத்தில் சித்தப்பாவுக்குத் தனி அக்கறை. அந்த மாதம் ஒரு ஜாதகம் பொருந்தியிருந்தது. பையன் அமெரிக்காவில். பெற்றோர் மேற்கு மாம்பலத்தில். பெண் பார்க்க அவரால் உடனே வர முடியாததால், அன்று மாலை ஏழு மணிக்குக் கம்ப்யூட்டர் வழியாகவே பார்ப்பது என்று பெரியவர்கள் பேசி முடித்திருந்தார்கள். அதற்காக அப்பா ரிச்சி தெருவுக்குப் போய் ஒரு கேமரா வாங்கி வந்திருந்தார். எலுமிச்சம்பழ அளவில், ஒற்றைக் கண்ணோடு, மானிட்டரின் தலையில் உட்கார்ந்திருந்தது. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் அத்தை அதைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைப்பாள். அப்பா வந்து நேராக்குவார். இருவரும் வாய்விட்டுப் பேசாமலே ஒரு விளையாட்டாக அது ஒரு வாரமாக நடந்துகொண்டிருந்தது.

"டைப் பண்றதுகூட அண்ணாதானாம், மன்னி" என்றாள் அத்தை அம்மாவிடம், தேங்காயைக் கீறிக்கொண்டே. "நான் பக்கத்துல உக்காந்துண்டு கேமராவைப் பாத்து சிரிச்சாப் போறுமாம்."

"உங்கண்ணா ரெண்டு விரலால அடிச்சு முடிக்கறதுக்குள்ள அந்தப் பிள்ளைக்கு நரைச்சுடுமேடி."

"பின்னால சின்னண்ணா, நீங்க, எல்லாரும் நிப்பேள். நான் என்னத்தைக் கேக்கறது? ஒரு பத்து நிமிஷம் நானே தனியாப் பேசினேன்னா, சரியோ இல்லையோ, நானே சொல்லிடுவேன்."

"உங்கண்ணாகிட்டச் சொன்னியோ?"

"சொன்னேனே. 'உனக்கு என்ன கேக்கணுமோ சொல்லு, நானே கேட்டுடறேன், கவலப்படாதே'ன்னுட்டார்."

அம்மா சிரித்தாள். அத்தை சிரிக்கவில்லை. கேட்டுக்கொண்டிருந்த எனக்கு அத்தையின் குறை விளங்கவில்லை. வேறொருவர் டைப் அடித்துக் கொடுத்தால் வேலை மிச்சம்தானே.

பூஜைக்கு முன் கடைசியாக ஒரு ஆட்டம் ஆடிவிடலாம் என்று கம்ப்யூட்டரைப் போட்டவள் நான்தான். திரை வந்தது. சீட்டாட்டத்தின் படத்தை நோக்கி அம்புக்குறியைக் கொண்டுபோனேன். படம் நகர்ந்தது. இன்னும் கிட்டே போனேன். அது மூலைக்கு ஓடியது. பக்கத்திலிருந்த படங்களும் அம்புக்குறியைக் கண்டதும் விலகி ஓடின. இதுவரை நான் ஆடிய எந்த விளையாட்டும் இவ்வளவு நன்றாக இருந்ததில்லை. நான் போட்ட கூச்சலில் செய்தித்தாளோடு அப்பா வந்தார்.

அப்பா நாற்காலியில் உட்கார்ந்து, மூச்சை அடக்கிக்கொண்டு, பட்டாம்பூச்சி பிடிக்கிற பிள்ளைபோல ஒவ்வொரு படத்தையும் பதுங்கிப் பதுங்கித் துரத்தினார். ஒன்றும் அகப்படவில்லை. வாழைக்கன்றுகளோடு உள்ளே வந்த சித்தப்பா கொஞ்ச நேரம் நின்று பார்த்தார்.

"அண்ணா, ரெண்டு பக்கமும் நாம நின்னுண்டு மடக்கினா?"

"நீ எதையாவது தொறந்தியாடா?"

"போன வாரம் ஏதோ படம்னு ஒரு மெயில் வந்தது. தொறந்தேன். படம் ஒண்ணும் வரல."

"இப்போ வந்திருக்கு, பாரு" என்றார் அப்பா.

அத்தை கையைத் துடைத்துக்கொண்டு வந்து, திரையை ஒரு பார்வை பார்த்துவிட்டு, வைரஸ் என்றாள். நான் உடனே கையை நாற்காலியிலிருந்து எடுத்தேன். சமையலறையிலிருந்து அம்மா, அதைத் தொட்டவர்கள் கையலம்பாமல் உள்ளே வரக்கூடாது என்று குரல் கொடுத்தாள். அப்பாவுக்கு இதில் எப்போதும் ஒரே கொள்கை: அழுக்கிலிருந்துதான் எல்லா வியாதியும். பல தடவை சொல்லியும் அந்த இயந்திரத்தை யாரும் துடைப்பதில்லை, மூடி வைப்பதில்லை, தூசி உள்ளே போய் வைரஸ் ஆகிவிட்டது என்றார். அதற்கும் தூசிக்கும் சம்பந்தமே இல்லை என்று அவருக்கு விளக்கி அத்தை பல தடவை தோற்றிருக்கிறாள். அன்று விளக்கவில்லை.

"ஆமாண்ணா. கழட்டித் துடைச்சுடலாம். அதுக்கு முன்னால மருந்து எடுத்துண்டு வரணும். இந்த வைரஸைக் கொல்றதுக்குன்னே ஒரு புரோகிராம் இருக்கு. பிரௌசிங் சென்டர்ல இறக்கி ஃபிளாப்பில கொண்டு வந்துடறேன்."

"ராகுகாலத்துக்கு முன்னால பூஜையை முடிக்கணும். சாயங்காலத்துக்குள்ள இது சரியாகணும். அவா என்ன நெனைச்சுப்பா?" என்றார் அப்பா. அவர் குரலில் இருந்தது கோபம் அல்ல, கவலை. தங்கையின் கல்யாணத்தை ஐந்து வருஷமாகத் தோளில் சுமந்துகொண்டிருந்தவர் அவர்.

அத்தையோடு நானும் புறப்பட்டேன். கோயில் குளக்கரையை ஒட்டிப் போகிற ஆட்டோ ஒவ்வொன்றிலும் வாழைக்கன்றும் சந்தனப் பொட்டும். பூசணிக்காய் மலைபோலக் குவிந்திருந்தது. லஸ் பக்கத்தில் அந்த பிரௌசிங் சென்டரில் தரையைக் கழுவி விட்டிருந்தார்கள். எல்லா மானிட்டர்களுக்கும் நெற்றியில் பட்டையாக விபூதி. கடைக்காரர் ஏணிமேல் நின்று மாவிலை கட்டிக்கொண்டிருந்தார்.

"இன்னா மேடம், ஆயுத பூஜை அன்னிக்கு வந்துகிறீங்க? மெசின்லாம் குளிச்சிட்டு உக்காந்துகினு கீது, பாரு."

"அரை மணி நேரம்தான். ஆத்துல கம்ப்யூட்டருக்கு வைரஸ்."

"எங்க மெசின்ல ஏத்திறாத தாயி. சீக்கிரம் முட்சிக்கோ. பூசணிக்கா ஒடச்சிட்டேன்னா கரண்டு கட் பண்ணிட்டு கெளம்பிகினே இருப்பேன்."

அத்தை எனக்கு எதிர்க்கடையில் ரோஸ் மில்க் வாங்கிக் கொடுத்து, பக்கத்து நாற்காலியில் உட்காரவைத்தாள். மருந்து இறங்க ஆரம்பித்தது. ஒரு நீலப் பட்டை எறும்புபோல ஊர்ந்தது. அது ஊர்கிற நேரத்தில் அத்தை தன் மெயிலைத் திறந்தாள். எதையோ படித்தவள் சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தாள். என்ன என்றேன்.

"நம்மாத்து வைரஸ் அமெரிக்கா வரைக்கும் போயாச்சுடி."

அப்பா ஜாதகத்தை அனுப்பிய முகவரிக்கு எங்கள் கம்ப்யூட்டர் தானாகவே இன்னும் ஆறு மெயில் அனுப்பியிருந்ததாம். அந்தப் பையன் மிகவும் மரியாதையாக, ஒரு ஜாதகம் வந்துவிட்டது, மீதி ஆறும் திறக்க மறுக்கின்றன, அவசியம் பார்க்கவேண்டுமா என்று கேட்டு எழுதியிருந்தார். அப்பாவின் மெயிலில் அத்தையின் முகவரியும் இருந்ததால் அவளுக்கு எழுதினாராம்.

அத்தை பதில் எழுதினாள். பத்து விரலும் போகிற வேகத்தில் எனக்கு எழுத்துகள் தெரியவில்லை. எழுதினாள், எழுதினாள், நீலப் பட்டை கடைசிவரை ஊர்ந்து நின்ற பிறகும் எழுதினாள். கடைக்காரர் பூசணிக்காயைக் கையில் எடுத்து உள்ளே குங்குமம் கொட்டுவதற்கு அதில் துளை போட ஆரம்பித்ததும்தான் நிறுத்தினாள். ஃபிளாப்பியை எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டாள். இவ்வளவு நீளமாக எழுதவேண்டுமா, 'திறக்காதே' என்ற ஒரு வார்த்தை போதாதா என்று எனக்குத் தோன்றியது. ஆனால் ரோஸ் மில்க் இன்னும் பாதி இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் அத்தை கூடத்தில், பூஜைக்காகப் புத்தகங்கள் அடுக்கியிருந்த பலகைக்குப் பக்கத்திலேயே பழைய செய்தித்தாளைப் பரப்பினாள். பெட்டியின் திருகுகளைக் கழற்றினாள். உள்ளே பார்த்ததும் எங்கள் எல்லோருக்கும் வெட்கமாகிவிட்டது. பழைய தலையணையைப் பிரித்ததுபோலத் தூசி. போன வருஷத்து அட்சதையும், காய்ந்த சாமந்தி இதழும், என் தொலைந்துபோன பல்பத்தில் ஒரு துண்டும் இருந்தன.

"நான் சொல்லல?" என்றார் அப்பா, மிகுந்த திருப்தியோடு. "வைரஸ் எங்கேருந்து வந்ததுன்னு இப்பத் தெரிஞ்சுதா?"

அத்தை ஒப்புக்கொண்டு தலையாட்டினாள். பெயிண்ட் அடிக்கிற தூரிகையால் மின்விசிறியைத் துடைத்தாள். பட்டைக் கம்பிகளை ஒவ்வொன்றாக உருவி, சர்க்யூட் பலகைகளைப் பிடுங்கி, அவற்றின் ஓரத்து மஞ்சள் இணைப்புகளை அழிரப்பரால் தேய்த்தாள். கீபோர்டின் ஒவ்வொரு எழுத்தையும் நெம்பி எடுத்துக் கிண்ணத்தில் போட்டாள். மவுஸைத் திறந்து உருண்டையை என்னிடம் கொடுத்து, சோப்புப் போட்டு அலம்பிவரச் சொன்னாள். அத்தை வேலையில் சுறுசுறுப்பானவள். அன்று மட்டும் கல்யாண நகைக்குப் பாலிஷ் போடுகிறவளைப்போல ஒவ்வொன்றையும் நிதானமாகத் துடைத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, மறுபடி துடைத்தாள். மெல்ல ஏதோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டும் இருந்தாள். அம்மா வடையைத் தட்டிக்கொண்டே எட்டி எட்டிப் பார்த்தாள்.

"அந்த மருந்தைக் குடுக்கலையா?" என்று கேட்டேன்.

"குளிப்பாட்டினப்புறம்தான் மருந்து" என்றாள்.

மணி ஒன்றை நெருங்கியது. ராகுகாலம் ஒன்றரைக்கு. அப்பா பஞ்சகச்சத்தோடு வந்து அவசரப்படுத்தினார். கம்ப்யூட்டரை இந்த வருஷம் பூஜையில் வைப்பதில்லை, அது புத்தகம் அல்லவே என்று முந்தின நாளே தீர்ப்புச் சொல்லியிருந்தார். துடைத்த சாமான்களைத் தள்ளி வைக்க நேரமில்லை. விளக்கேற்றியாயிற்று. அப்பா மந்திரத்தை ஆரம்பித்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

அம்மா சந்தனக் கிண்ணத்தையும் குங்குமச் சிமிழையும் எடுத்துக்கொண்டு புத்தகங்களுக்குப் பொட்டு வைத்துக்கொண்டே வந்தாள். அப்பாவின் வங்கிச் சட்டப் புத்தகம், அவளுடைய ஹிந்திப் பரீட்சைப் புத்தகம், சித்தப்பாவின் மருந்து விற்பனைக் கையேடு, என் பாடப்புத்தகங்கள். வரிசை முடிந்தது. கை நிற்கவில்லை. அதே வேகத்தில் செய்தித்தாளுக்குத் தாண்டி, பெட்டிக்கு ஒன்று, ஹார்ட் டிஸ்குக்கு ஒன்று, கீபோர்டுக்கு ஒன்று, மவுஸுக்கு ஒன்று. கடைசியாக அந்தக் கேமராவுக்குக் கண்ணிலேயே ஒன்று. அப்பா கண்ணை மூடியபடியே அட்சதையை அள்ளி எல்லாவற்றின்மேலும் போட்டார். மணி அடித்தது. கற்பூரம் காட்டியாயிற்று.

கண்ணைத் திறந்த அப்பா முதலில் பார்த்தது, நெற்றியில் குங்குமத்தோடு அக்கக்காகக் கிடந்த கம்ப்யூட்டரைத்தான்.

"இதுக்கு யார் வெச்சா?"

"வெச்சாச்சே" என்றாள் அம்மா. "கை போற வாக்குல போயிடுத்து. உங்க தங்கை கம்ப்யூட்டர் வாத்தியார்தானே? அவ தொழில் கருவின்னா அது."

"சாயங்காலம் ஏழு மணிக்கு அந்தப் பிள்ளை..."

"அண்ணா" என்றார் சித்தப்பா, சுண்டல் பாத்திரத்தின்மேல் கண் வைத்து. "அட்சதை போட்டது நீ. இனிமே நாளைக்குத்தான்."

அப்பா இயந்திரத்தைப் பார்த்தார். சரஸ்வதி படத்தைப் பார்த்தார். கடிகாரத்தைப் பார்த்தார். அவர் வாழ்நாளில் பூஜையில் வைத்த பென்சிலைக்கூட எடுத்ததில்லை. அத்தை கிண்ணத்திலிருந்த கீபோர்டு எழுத்துகளின்மேல் ஒரு பூவை வைத்தாள்.

சாப்பாட்டைப் பாதியில் விட்டுவிட்டு அப்பா தொலைபேசியை எடுத்தார். மேற்கு மாம்பலத்தில் பையனின் அம்மா பேசினார். அப்பா சுற்றி வளைத்து, கம்ப்யூட்டரைப் பூஜையில் வைத்துவிட்டதாகவும், நாளைவரை தொட முடியாதென்றும் சொன்னார். நாங்கள் எல்லோரும் அப்பாவின் முகத்தையே பார்த்தோம். பிறகு அந்த அம்மாள் பேசியது கூடம் முழுக்கக் கேட்டது.

"கம்ப்யூட்டரைக் கூடவா தொட மாட்டேள்! இந்தக் காலத்துல இப்படி ஒரு ஆசாரமான குடும்பமா! ஒண்ணும் அவசரமில்லை, ஞாயித்துக்கிழமை பாத்துக்கலாம்."

அப்பா தொலைபேசியை வைத்தபோது இரண்டு அங்குலம் உயர்ந்திருந்தார். இன்னும் நான்கு வடை போடச் சொன்னார். அன்று மாலை யாருக்கும் படிக்க ஒன்றுமில்லை, பார்க்கத் திரையுமில்லை. மொட்டை மாடியில் பாய் விரித்துப் பொரியைக் கொறித்தோம். தெருவில் போகிற பஸ்ஸின் எண்ணைப் படிப்பது பாவமா இல்லையா என்று சித்தப்பா அப்பாவிடம் தீவிரமாக விசாரித்தார். எண் எழுத்தில் சேராது என்று அப்பா தீர்ப்பளித்தார். அத்தை அதற்கெல்லாம் எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தாள். அவளைப் பெண் பார்ப்பது தள்ளிப்போயிற்றே, இவ்வளவு சிரிக்கிறாளே என்று எனக்கு அவள்மேல் இரக்கமாக இருந்தது.

மறுநாள் பொழுது விடிகிறபோதே புனர்பூஜை ஆயிற்று. பாலும் சுண்டலும் நைவேத்தியம். எங்கள் வீட்டு விஜயதசமிக்கு அப்பா வகுத்த விதி ஒன்று உண்டு. அவரவர் பூஜையில் வைத்ததை அவரவர் எடுத்துக்கொண்டு, கிழக்கே பார்த்து உட்கார்ந்து, வாய்விட்டு அரைமணி நேரம் படிக்கவேண்டும். நடுவில் எழுந்திருக்கக் கூடாது. பக்கத்தில் இருப்பவர் என்ன செய்கிறார் என்று திரும்பிப் பார்க்கக் கூடாது. வருஷம் முழுக்க ஒருவர் காரியத்தில் ஒருவர் தலையிடாமல் இருக்கத் தெரியாத அந்தக் குடும்பம், வருஷத்தில் அந்த ஒரு அரைமணி நேரம் மட்டும் தன் தன் புத்தகத்தோடு உட்கார்ந்திருக்கும்.

நாங்கள் பாய் போட்டு, பால் குடித்து, புத்தகத்தைப் பிரிப்பதற்குள் அத்தை கம்ப்யூட்டரை மறுபடி சேர்த்துப் பூட்டி முடித்துவிட்டாள். நேற்றுப் பாதி நாள் பிடித்த வேலை அது. கைப்பையிலிருந்து ஃபிளாப்பியை எடுத்து உள்ளே தள்ளினாள். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் கடகடவென்று ஓடின. பள்ளிக்கூடத்தில் வருகை எடுப்பதுபோல அது ஒவ்வொரு கோப்பையும் பெயர் சொல்லி விசாரித்தது. பிறகு படங்கள் வந்தன. அத்தை அம்புக்குறியைக் கொண்டுபோனாள். ஒன்றும் ஓடவில்லை. என் விளையாட்டு முடிந்தது.

"அண்ணா, நான் எனக்கானதைப் பண்ணலாமோன்னோ?" என்று கேட்டாள்.

"உன் தொழிலை நீ பண்ணு" என்றார் அப்பா, திரும்பாமல்.

படிக்க ஆரம்பித்தோம். அப்பா காசோலைகளைப் பற்றிய ஒரு விதியை வேதம்போல ஓதினார். சித்தப்பா ஒரு இருமல் மருந்தின் குணங்களைச் சொன்னார். நான் ஒளிச்சேர்க்கை. எங்களுக்குப் பின்னால் மோடம் கிறீச்சிட்டு, இரைந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு அடங்கியது. நான் விதியை மீறி ஒரே ஒருமுறை ஓரக்கண்ணால் பார்த்தேன். அத்தை இரண்டு கையாலும் வேகமாக அடித்துக்கொண்டிருந்தாள், நிறுத்தினாள், படித்தாள், மறுபடி அடித்தாள். கேமரா அப்போது சுவரைப் பார்த்திருந்தது.

அத்தையின் கணவரான என் அத்திம்பேரைப் பார்க்கும்போதெல்லாம் சித்தப்பா இன்றும் சொல்வார்: "எங்காத்துலேருந்து உங்களுக்கு வந்த மொதல் சீரே வைரஸ்தான், ஆறு தாம்பாளம்!" ஆனால் அந்த வைரஸுக்கு மருந்து சொல்லி அத்தையிடமிருந்து ஒரு மெயிலும், மறுநாள் காலை ஆறரைக்குத் தயாராக இருக்கச் சொல்லி அதிலேயே ஒரு வரியும் வந்ததை மட்டும் அத்திம்பேர் இன்றுவரை சித்தப்பாவிடம் சொன்னதில்லை. எனக்கே அது என் கல்யாணத்தின்போதுதான் தெரிந்தது.

அன்று காலையில் எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். ஒளிச்சேர்க்கையின் நடுவில் அத்தை வாய்விட்டு, பளிச்சென்று ஒருமுறை சிரித்தாள். அப்பாவின் குரல் ஒரு நொடி நின்றது. அவர் திரும்பவில்லை. காசோலை விதியை இன்னும் உரக்கத் தொடர்ந்தார். அத்தை புடவைத் தலைப்பால் கேமராவின் கண்ணிலிருந்த குங்குமத்தைத் துடைத்து, அதைத் தன் பக்கம் திருப்பி வைத்தாள்.

அரைமணி நேரம் ஆகிவிட்டது. சித்தப்பா கையேட்டை மூடப்போனார். அம்மா அவரைப் பார்த்துக் கண்ணை உருட்டிவிட்டு, தன் ஹிந்திப் புத்தகத்தில் முதலிலிருந்தே படித்துக்கொண்டிருந்த அதே பக்கத்தை மறுபடியும் முதல் வரியிலிருந்து ஆரம்பித்தாள். அது முடிந்ததும் இன்னொரு முறை, இன்னும் உரக்க. அந்த ஒரு பக்கத்தில் அம்மாவுக்கு அப்படி என்னதான் புரியவில்லை என்று நினைத்துக்கொண்டு, நானும் ஒளிச்சேர்க்கையை மறுபடி எடுத்தேன்.